செரிமானக் கலன் கசட்டின் மீத்தேனாக்கச் செயல்திறன் அளவீடு

தன் மீத்தேனாக்கச் செயல்திறன் என்பது, காற்றில்லாச் செரிமானக் கலனில் உள்ள கசட்டின் ஒரு கிராம் உயிர்ப்பொருள், ஒரு நாளில், அதிக அளவாக எவ்வளவு மீத்தேனை உண்டாக்கும் என்பதைக் குறிக்கும் அளவாகும். சாண எரிவாயுக் கலன், நகரக் கழிவுநீர் நிலையத்தின் கசடு செரிப்பான், ஆலைக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் காற்றில்லாக் கலன் ஆகிய அனைத்திலும் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளே. அவை எத்தனை இருக்கின்றன என்பதைவிட, எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதே கலனை நடத்துவோருக்குத் தேவையான செய்தி. அதை அறிய உதவும் எளிய சோதனைகளில் முதன்மையானது இது.

பெயர் விளக்கம்

பள்ளி இயற்பியலில் வரும் 'தன் வெப்ப ஏற்புத்திறன்' என்ற சொல்லில் 'தன்' என்பது ஓரலகு நிறைக்கு உரியது எனப் பொருள்படும். இங்கும் அதே பொருள்தான். ஒரு வாளிக் கசடும் ஒரு குவளைக் கசடும் வெவ்வேறு அளவு வாயு தரும். இரண்டையும் ஒப்பிட, வாயுவின் அளவை அக்கசட்டில் உள்ள உயிர்ப்பொருளின் நிறையால் வகுக்க வேண்டும். அப்போது கிடைப்பது தன் செயல்திறன்.

இதன் அலகு: ஒரு கிராம் உயிர்ப்பொருளுக்கு, ஒரு நாளுக்கு, மீத்தேனாக மாறிய வேதி ஆக்சிஜன் தேவை (கிராமில்). வேதி ஆக்சிஜன் தேவை என்பது ஒரு கரிமப் பொருளை முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் நிறை. கலனுக்குள் செல்லும் உணவையும் வெளிவரும் மீத்தேனையும் ஒரே அலகில் சொல்ல முடிவதால் இது வசதியானது.

பின்னணி: நான்கு படிகள்

காற்றில்லாச் செரிமானம் ஒரே நுண்ணுயிரியின் வேலை அன்று. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகும் நான்கு படிகள் இதில் உள்ளன.

1. நீராற்பகுப்பு: மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய பெரிய மூலக்கூறுகள் நொதிகளால் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் எனச் சிறியவையாக உடைகின்றன.
2. அமிலமாக்கம்: அச்சிறு மூலக்கூறுகளை உண்ணும் பாக்டீரியாக்கள் புரப்பியோனிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களையும் ஹைட்ரஜனையும் வெளியிடுகின்றன.
3. அசெட்டிக் அமிலமாக்கம்: அவ்வமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன.
4. மீத்தேனாக்கம்: அசெட்டிக் அமிலத்திலிருந்தும், ஹைட்ரஜன் மற்றும் கார்பன் டைஆக்சைடிலிருந்தும் மீத்தேன் உண்டாகிறது.

வழக்கமான செரிமானக் கலன்களில் மீத்தேனின் ஏறத்தாழ 70 விழுக்காடு அசெட்டிக் அமில வழியாகவே வருகிறது. எஞ்சியது பெரும்பாலும் ஹைட்ரஜன் வழியாக வருகிறது. எனவேதான் செயல்திறன் சோதனையில் பெரும்பாலும் அசெட்டேட் உப்பையே உணவாகக் கொடுக்கிறார்கள்.

அசெட்டேட்டை மீத்தேனாக்குபவை முதன்மையாக இரண்டு பேரினங்கள். மெத்தனோசீட்டா மெதுவாக வளரும். ஆனால் மிகக் குறைந்த செறிவிலும் அசெட்டேட்டைப் பற்றிக்கொள்ளும். மெத்தனோசார்சினா விரைவாக வளரும். ஆனால் அதற்கு உணவு தாராளமாக இருக்க வேண்டும். நன்றாக நடக்கும் கலனில் அசெட்டேட் குறைவாகவே இருக்கும் என்பதால் அங்கே பெரும்பாலும் மெத்தனோசீட்டா மேலோங்கும். இதன் எண்ணிக்கை இரட்டிக்கப் பல நாட்கள் ஆகும். இனிப்பு நீரை அமிலமாக்கும் பாக்டீரியாக்களோ சில மணி நேரத்தில் பெருகிவிடும். உண்டாக்குபவர் வேகமாகவும் தீர்ப்பவர் மெதுவாகவும் இருப்பதே இக்கலன்களின் அடிப்படைச் சிக்கல்.

வாயு மானி மட்டும் ஏன் போதாது

கலனிலிருந்து வரும் வாயுவைத்தான் அன்றாடம் அளக்கிறோமே, தனிச் சோதனை எதற்கு என்ற கேள்வி இயல்பானது. விடை இதுதான்: வாயு மானி காட்டுவது இன்று நடந்த வேலையை, செயல்திறன் சோதனை காட்டுவது செய்யக்கூடிய வேலையை. பத்து மூட்டை தூக்கக்கூடியவர் நான்கு மூட்டை தூக்கினாலும், நான்கு மட்டுமே தூக்கக்கூடியவர் நான்கு தூக்கினாலும் கணக்கேட்டில் நான்கு என்றே பதிவாகும். ஐந்தாவது மூட்டை வரும்போதுதான் வேறுபாடு தெரியும்.

ஓர் எண்ணிக்கை எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 1,000 கன மீட்டர் கலன் ஒன்றில் லிட்டருக்கு 15 கிராம் உயிர்ப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 15,000 கிலோகிராம். கலன் நாளொன்றுக்குத் திட்ட வெப்ப அழுத்தத்தில் 420 கன மீட்டர் மீத்தேன் தருகிறது. ஒரு கிலோகிராம் வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பதால், இது 1,200 கிலோகிராமுக்குச் சமம். அதில் 70 விழுக்காடு, அதாவது 840 கிலோகிராம், அசெட்டேட் வழியே வருகிறது.

கசட்டின் செயல்திறன் 0.15 என்றால், அசெட்டேட்டைக் கையாளும் உச்சத் திறன் நாளொன்றுக்கு 2,250 கிலோகிராம். கலன் தன் வலுவில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. இனி, ஏதோ ஒரு நச்சுப்பொருளால் செயல்திறன் 0.06 ஆகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். உச்சத் திறன் 900 கிலோகிராம். தேவை இன்னும் 840 தான். ஆகவே வாயு மானி அன்றும் ஏறத்தாழ அதே 420 கன மீட்டரையே காட்டக்கூடும். ஆனால் 1,410 கிலோகிராமாக இருந்த கையிருப்பு 60 கிலோகிராமாகச் சுருங்கியிருக்கிறது.

இந்நிலையில் ஒரு நாள் கூடுதல் கழிவு வந்தால் அமிலம் தேங்கும். அமிலம் தேங்கினால் பி.எச். மதிப்பு குறையும். அது 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் நுண்ணுயிரிகள் மேலும் தளரும். தளர்ந்தால் அமிலம் மேலும் தேங்கும். இச்சுழலில் சிக்கிய கலனை மீட்கப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். அதுவரை வரும் கழிவுநீரை எங்கே விடுவது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

கோட்பாடு

அசெட்டிக் அமிலத்தின் ஒரு மோல் 60 கிராம். அதை முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்ய 2 மோல், அதாவது 64 கிராம் ஆக்சிஜன் தேவை. அதே ஒரு மோல் அமிலம் மீத்தேனாக்கப்படும்போது 1 மோல் மீத்தேனும் 1 மோல் கார்பன் டைஆக்சைடும் தரும். ஒரு மோல் வாயு திட்ட வெப்ப அழுத்தத்தில் 22.4 லிட்டர். ஆகவே 64 கிராம் வேதி ஆக்சிஜன் தேவைக்கு 22.4 லிட்டர் மீத்தேன். ஒரு கிராமுக்கு 0.35 லிட்டர். இத்துறையின் கணக்குகள் அனைத்துக்கும் இந்த எண்ணே அடிப்படை. 35 பாகை செல்சியஸில் வாயு விரிவடைவதால் இதுவே ஏறத்தாழ 0.395 லிட்டராகும்.

சோதனையில் அசெட்டேட் தாராளமாகக் கொடுக்கப்படுவதால் உணவுத் தட்டுப்பாடு இராது. அப்போது வாயு வெளிவரும் வேகத்தைத் தீர்மானிப்பது நுண்ணுயிரிகளின் திறன் மட்டுமே. நேரத்துக்கு எதிராக மீத்தேனின் அளவை வரைந்தால் முதலில் சற்றுத் தயங்கி, பிறகு நேர்கோடாக ஏறி, உணவு தீரும்போது தட்டையாகும் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்த நேர்கோட்டுப் பகுதியின் சாய்வே நமக்கு வேண்டியது.

தேவையான பொருள்கள்

* 500 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள தடித்த கண்ணாடிப் புட்டிகள், வாயு புகாத ரப்பர் அடைப்பான்கள்
* 35 பாகை செல்சியஸில் நிலையாக இருக்கும் நீர்த்தொட்டி அல்லது வெப்பப் பேழை
* சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள புட்டி. அதில் சில துளி தைமால்ப்தலீன் நிறங்காட்டி
* நீரை இடம்பெயர்த்து வாயுவை அளக்கும் அளவுக்குழாய்
* நைட்ரஜன் வாயு உருளை
* சோடியம் அசெட்டேட், சோடியம் பைகார்பனேட், நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள், இரும்பு, நிக்கல், கோபால்ட் முதலிய நுண்தனிமங்களின் கரைசல்

நுண்தனிமங்களை அலங்காரமாக நினைக்கக் கூடாது. மீத்தேன் உண்டாகும் கடைசி வினையை நடத்தும் நொதியின் மையத்தில் நிக்கல் அணு உள்ளது. அது இல்லாமல் அந்த வேலை நடவாது.

செய்முறை

*கசடு எடுத்தல்.* கலனின் எல்லாப் பகுதியையும் குறிக்கும் வகையில் மாதிரி எடுக்க வேண்டும். கசட்டுப் படுகை உள்ள கலனில் அடியில் ஒரு வகையும் மேலே ஒரு வகையும் இருக்கும். ஆகவே வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்துத் தனித்தனியாகவோ கலந்தோ சோதிக்கலாம். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி மூடினால் காற்றுப் படுவது குறையும். குளிரில் வைத்திருந்த கசட்டை அப்படியே சோதித்தால் செயல்திறன் குறைவாகத் தெரியும். முதலில் அதை மீண்டும் வெதுவெதுப்பான நிலைக்குக் கொண்டுவந்து சிறிது உணவூட்டி எழுப்ப வேண்டும்.

*உயிர்ப்பொருளை அளத்தல்.* அறியப்பட்ட அளவு கசட்டை வடிகட்டி, 103 முதல் 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடைபோட வேண்டும். பின் 550 பாகையில் எரித்து, எஞ்சிய சாம்பலை எடைபோட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஆவியாகும் மிதவைத் திடப்பொருள். இதையே உயிர்ப்பொருளின் அளவாகக் கொள்கிறார்கள்.

*புட்டியை நிரப்புதல்.* ஒவ்வொரு புட்டியிலும் 400 மில்லிலிட்டர் திரவம் இருக்கட்டும். லிட்டருக்கு 6 கிராம் உயிர்ப்பொருள் வருமாறு கசட்டைச் சேர்த்தால், புட்டியில் 2.4 கிராம் இருக்கும். நுண்தனிமக் கரைசலையும் பைகார்பனேட்டையும் சேர்த்துப் பி.எச். மதிப்பை 7க்கு அருகில் வைக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் வேதி ஆக்சிஜன் தேவை வருமாறு அசெட்டேட் சேர்க்க, புட்டிக்கு 0.8 கிராம் வேண்டும். அதற்கு நீரற்ற சோடியம் அசெட்டேட் 1.025 கிராம் போதும். அசெட்டிக் அமிலமாகச் சேர்க்காமல் உப்பாகச் சேர்ப்பதன் காரணம், அமிலம் பி.எச். மதிப்பைத் தாழ்த்திச் சோதனையையே கெடுத்துவிடும் என்பதுதான்.

*ஒப்பீட்டுப் புட்டி.* அசெட்டேட் சேர்க்காத, மற்ற அனைத்தும் ஒன்றாக உள்ள புட்டிகளும் கட்டாயம் வேண்டும். கசட்டில் ஏற்கெனவே ஒட்டியுள்ள உணவிலிருந்தும் இறந்த செல்களிலிருந்தும் வரும் மீத்தேனை இவை காட்டும். அதைக் கழித்தால்தான் அசெட்டேட்டிலிருந்து வந்தது தெரியும். ஒவ்வொரு வகையிலும் மூன்று புட்டிகள் வைப்பது நல்லது.

*காற்றை வெளியேற்றுதல்.* புட்டியின் மேல்வெளியில் உள்ள காற்றை நைட்ரஜன் செலுத்தி நீக்கி உடனே அடைக்க வேண்டும். மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் ஆகாது.

*அளத்தல்.* புட்டியிலிருந்து வரும் வாயு முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே செல்லும். அங்கே கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கரைந்துவிடும். எஞ்சும் மீத்தேன் அளவுக்குழாயில் நீரை இறக்கித் தன் கன அளவைக் காட்டும். தொடக்கத்தில் வருவது புட்டியின் மேல்வெளியில் இருந்த நைட்ரஜன்தான் என்றாலும், உள்ளே உண்டான மீத்தேனின் கன அளவுக்கே அது தள்ளப்படுவதால் கணக்குத் தவறாது. கரைசலின் நீல நிறம் மங்கினால் அதன் உறிஞ்சும் வலு தீர்கிறது எனப் பொருள். உடனே மாற்ற வேண்டும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. வாயு 30 பாகை செல்சியஸில், நீராவியோடு அளக்கப்பட்டதாகக் கொள்க. அளவுகள் மில்லிலிட்டரில்.

| நேரம் (மணி) | அசெட்டேட் புட்டி | ஒப்பீட்டுப் புட்டி | வேறுபாடு |
|---|---|---|---|
| 0 | 0 | 0 | 0 |
| 4 | 10 | 2 | 8 |
| 8 | 30 | 4 | 26 |
| 12 | 56 | 6 | 50 |
| 16 | 82 | 8 | 74 |
| 20 | 108 | 10 | 98 |
| 24 | 134 | 12 | 122 |
| 36 | 206 | 17 | 189 |
| 48 | 262 | 21 | 241 |
| 72 | 322 | 28 | 294 |
| 96 | 340 | 33 | 307 |

படி 1: 8ஆம் மணியிலிருந்து 24ஆம் மணிவரை ஒவ்வொரு 4 மணி நேரத்துக்கும் 24 மில்லிலிட்டர் ஏறுகிறது. இதுவே நேர்கோட்டுப் பகுதி. 16 மணி நேரத்தில் 96 மில்லிலிட்டர், மணிக்கு 6, நாளுக்கு 144 மில்லிலிட்டர்.

படி 2: இதைத் திட்ட வெப்ப அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். 30 பாகையில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம். வளிமண்டல அழுத்தம் 760 எனக் கொண்டால், திருத்தக் காரணி (273 ÷ 303) × (728 ÷ 760) = 0.863. ஆகவே 144 × 0.863 = 124 மில்லிலிட்டர்.

படி 3: 350 மில்லிலிட்டருக்கு 1 கிராம் வேதி ஆக்சிஜன் தேவை. 124 ÷ 350 = 0.354 கிராம்.

படி 4: புட்டியில் உள்ள உயிர்ப்பொருள் 2.4 கிராம். 0.354 ÷ 2.4 = 0.148. இதைத் தோராயமாக 0.15 எனக் குறிக்கலாம்.

படி 5: சரிபார்ப்பு. 0.8 கிராம் அசெட்டேட்டிலிருந்து வரக்கூடிய மீத்தேன் 280 மில்லிலிட்டர். கிடைத்தது 307 × 0.863 = 265 மில்லிலிட்டர். கொடுத்ததில் ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்ப வந்திருக்கிறது. ஒரு சிறு பகுதி புதிய செல்களாக மாறுவதால் நூறு வராதது இயல்பு. இந்த விழுக்காடு மிகக் குறைந்தால் எங்கோ வாயு கசிகிறது என ஐயுற வேண்டும். நூறைத் தாண்டினால் கழித்தலிலோ அளத்தலிலோ பிழை உள்ளது.

இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் விடை 0.148க்கு மாறாக 0.171 ஆகும். கசட்டின் வலு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதலாகத் தெரியும்.

வழக்கமான மதிப்புகள்

| கசட்டின் வகை | பொதுவாகக் காணப்படும் வீச்சு |
|---|---|
| செப்டிக் தொட்டிக் கசடு | 0.01 – 0.07 |
| செரித்த சாணக் கரைசல் | 0.02 – 0.08 |
| நகரக் கழிவுநீர் நிலையத்தின் செரித்த கசடு | 0.02 – 0.20 |
| மேல்நோக்கிய ஓட்டக் கலன்களின் மணிக்கசடு | 0.5 – 1.5 |

மணிக்கசடு என்பது நுண்ணுயிரிகள் ஒன்றோடொன்று பிணைந்து கடுகு, கேழ்வரகு அளவுக்கு உருண்டு திரண்ட கசடு. அதில் பெரும்பகுதி உயிருள்ள செல்களே. சாணக் கரைசலில் அளக்கப்படும் 'உயிர்ப்பொருளில்' செரிக்காத நாரும் கலந்திருக்கும். எரித்துப் பார்க்கும்போது நாரும் எரியும், நுண்ணுயிரியும் எரியும். தராசுக்கு வேறுபாடு தெரியாது. எனவே இரு வேறு வகைக் கசடுகளை எண்களால் மட்டும் ஒப்பிட்டு ஒன்று 'நல்லது', ஒன்று 'கெட்டது' எனச் சொல்வது பொருந்தாது. ஒரே கலனின் கசட்டைத் திங்கள்தோறும் சோதித்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா எனப் பார்ப்பதே மிகுந்த பயன் தரும்.

பயன்கள்

* *விதைக்கசட்டைத் தேர்தல்.* பாலைத் தயிராக்க உறைமோர் தேவைப்படுவதுபோல் புதுக் கலனைத் தொடங்க விதைக்கசடு தேவை. பல இடங்களில் கசடு கிடைக்குமானால் எதை எவ்வளவு கொண்டுவருவது என்பதைச் செயல்திறன் சொல்லும்.
* *தொடக்கச் சுமையை முடிவுசெய்தல்.* கலனில் உள்ள உயிர்ப்பொருளின் நிறையைச் செயல்திறனால் பெருக்கினால், எவ்வளவு கழிவை ஏற்கலாம் என்பதற்கு மேல் எல்லை கிடைக்கும்.
* *முன்னெச்சரிக்கை.* மேலே கண்டதுபோல், வாயு குறையும் முன்பே தளர்ச்சியைக் காட்டும்.
* *நச்சுச் சோதனை.* ஒரே கசட்டை வைத்து, ஐயத்துக்குரிய ஆலைக்கழிவை வெவ்வேறு அளவில் சேர்த்துப் பார்க்கலாம். செயல்திறன் பாதியாகும் செறிவைக் குறித்துக்கொண்டால், அக்கழிவை எவ்வளவு நீர்த்துக் கலனில் விடலாம் என்பது தெரியும். அம்மோனியா, சல்பைடு, குரோமியம் போன்ற உலோகங்கள், குளோரோபார்ம், கிருமிநாசினிகள் ஆகியவை இவ்வாறு சோதிக்கப்படுகின்றன.

அசெட்டேட்டுக்குப் பதிலாக ஹைட்ரஜன், புரப்பியோனேட், பியூட்டிரேட், குளுக்கோஸ் ஆகியவற்றைக் கொடுத்தும் சோதிக்கலாம். எந்த உணவில் வேகம் குறைகிறது எனப் பார்த்தால் நான்கு படிகளில் எது நோயுற்றது என்பது புலப்படும். புரப்பியோனேட்டை உடைக்கும் பாக்டீரியாக்கள், சுற்றிலும் ஹைட்ரஜன் மிகமிகக் குறைவாக இருந்தால்தான் வாழும். அதை உடனுக்குடன் உண்டு தீர்ப்பவை மீத்தேன் நுண்ணுயிரிகள். ஆகவே கலனில் புரப்பியோனிக் அமிலம் தேங்குவது, இவ்விரு கூட்டத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் முறிந்ததன் அடையாளம்.

பிற அளவீட்டு முறைகள்

*அழுத்த முறை:* வாயுவை வெளியே விடாமல் மூடிய புட்டியின் அழுத்தம் ஏறுவதை மின்னணு உணரியால் அளப்பது. நடுநடுவே ஊசியால் சிறிது வாயுவை எடுத்து வாயு நிறப்பிரிகை மூலம் மீத்தேன் விழுக்காட்டை அறிய வேண்டும்.

*ஒளிர்வு முறை:* மீத்தேன் நுண்ணுயிரிகளில் காணப்படும் 'எப் 420' என்ற துணைநொதி 420 நானோமீட்டர் ஒளியை உட்கொண்டு நீலப்பச்சையாக ஒளிரும். இவ்வொளிர்வை அளந்து அவற்றின் இருப்பை மதிப்பிடலாம். ஆனால் அசெட்டேட்டை உண்ணும் இனங்களில் இத்துணைநொதி குறைவு என்பதால் மொத்தச் செயல்திறனுக்கு இது நேரடி அளவாகாது.

*மரபணு முறை:* மீத்தேன் உண்டாக்கும் நொதிக்குரிய மரபணுவின் படிகளைக் கசட்டின் டி.என்.ஏ.வில் எண்ணுவது. யார், எத்தனை என்பதை இது துல்லியமாகக் காட்டும். ஆனால் இறந்த செல்லின் டி.என்.ஏ.வும் எண்ணிக்கையில் சேரக்கூடும்.

*அமில–காரத்தன்மை விகிதம்:* கலனின் திரவத்தில் ஆவியாகும் அமிலத்தையும் காரத்தன்மையையும் தரம்பார்த்து விகிதம் காண்பது. அரை மணி நேரத்தில் முடியும், செலவு குறைவு. அன்றாடக் கண்காணிப்புக்கு இதுவே ஏற்றது. ஆனால் அமிலம் தேங்கத் தொடங்கிய பின்னரே இது குரல் கொடுக்கும்.

முதல் முறை செயலை அளக்கிறது. அடுத்த இரண்டும் ஆள் கணக்கு எடுக்கின்றன. கடைசி, விளைவைப் பார்க்கிறது. ஒன்றுக்கொன்று மாற்று என்பதைவிடத் துணை என்பதே சரி.

பிழை நேரும் இடங்கள்

* கசட்டைவிட அசெட்டேட் மிகக் குறைவாக இருந்தால், நேர்கோட்டுப் பகுதி உருவாகும் முன்பே உணவு தீர்ந்துவிடும்.
* சோதனை பல நாள் நீண்டால் நுண்ணுயிரிகள் புட்டிக்குள்ளேயே பெருகி, இல்லாத வலு இருப்பதாகக் காட்டும்.
* மணிக்கசட்டை வேகமாகக் கலக்கினால் மணிகள் நொறுங்கும். அசையாமல் வைத்தால் அசெட்டேட் உள்ளே சென்று சேராது. மெதுவான, விட்டுவிட்டுக் குலுக்குதல் போதும்.
* வெப்பநிலை ஓரிரு பாகை மாறினாலும் வேகம் மாறும். அடைபட்ட வாயுவும் விரிந்து சுருங்கும்.
* முதல் ஊட்டலில் கசடு புது உணவுக்குப் பழகும். எனவே அசெட்டேட் தீர்ந்ததும் மீண்டும் ஒருமுறை கொடுத்து, இரண்டாம் முறை கிடைக்கும் சாய்வையும் கணக்கிடுவது வழக்கம்.

பாதுகாப்பு

காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்தால் தீப்பொறியில் வெடிக்கும். சோதனை அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், தீ கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. செறிவு மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும் என்பதால் நாற்றமில்லை என்று நம்பக் கூடாது. கசடு எடுப்பதற்காக ஒருபோதும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. குழாய் வழியே மட்டும் எடுக்க வேண்டும். வாயு வெளியேற வழியின்றி முற்றிலும் அடைத்த சாதாரணக் கண்ணாடிப் புட்டி அழுத்தத்தால் சிதறும். சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும். மாணவர்கள் இச்சோதனையை ஆசிரியர் மேற்பார்வையின்றிச் செய்யலாகாது.

வரலாறு

1776இல் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த எரியும் வாயுவைச் சேகரித்தார். அது நுண்ணுயிரிகளின் வேலை என்பது பின்னர்தான் தெரிந்தது. நீண்ட காலம் எத்தனாலிலிருந்து மீத்தேன் தருவதாகக் கருதப்பட்ட ஓர் 'இனம்', உண்மையில் ஒன்றாக வாழும் இரண்டு இனங்கள் என்பதை 1967இல் பிரையன்ட் குழுவினர் காட்டினர். ஒன்று ஹைட்ரஜனை வெளியிட, மற்றொன்று அதை உண்டு மீத்தேனாக்கியது. 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் இருவரும் மீத்தேன் நுண்ணுயிரிகள் பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட தனிப் பிரிவு என அறிவித்தனர். இன்று அப்பிரிவு ஆர்க்கியா எனப்படுகிறது.

1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் காட்சே லெட்டிங்கா குழுவினர் மேல்நோக்கிய ஓட்டக் கசட்டுப் படுகைக் கலனை உருவாக்கினர். கசட்டைக் கலனுக்குள்ளேயே தக்கவைக்கும் இம்முறையில் கசட்டின் தரமே கலனின் தரம் ஆயிற்று. அதை அளக்கும் தேவையும் பெருகியது. 1979இல் ஓவன், மெக்கார்ட்டி உள்ளிட்டோர் மூடிய புட்டிகளில் மீத்தேன் விளைதிறனையும் நச்சுத்தன்மையையும் அளக்கும் முறையை வெளியிட்டனர். 1983இல் வால்க், வெர்ஸ்ட்ராட்டே இருவரும் அசெட்டேட்டை மீத்தேனாக்கும் உயிர்ப்பொருளை மதிப்பிடும் நடைமுறையை வெளியிட்டனர். பிற்கால முறைகள் பல இவற்றின் வழிவந்தவை.

இந்தியாவில்

கங்கைச் செயல்திட்டத்தின் கீழ், நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன், கான்பூரின் ஜாஜ்மாவில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைக் கையாளும் மேல்நோக்கிய ஓட்டக் கலன் 1989இல் செயற்படத் தொடங்கியது. பின்னர் அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரையும் வீட்டுக் கழிவுநீரையும் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் கலந்து ஏற்கும் 3.6 கோடி லிட்டர் நிலையமும் அமைந்தது. தோல் ஆலைக் கழிவில் குரோமியமும் சல்பேட்டும் மிகுதி. சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் மீத்தேன் நுண்ணுயிரிகளோடு உணவுக்குப் போட்டியிடுவதோடு, நச்சான சல்பைடையும் வெளியிடும். இத்தகைய கலப்பு நீரில், வாயு மானியை மட்டும் நம்பாமல் கசட்டின் வலுவைத் தனியே அறிவது இன்றியமையாதது.

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களின் கழிவுநீர் நிலையங்களில் கசட்டைச் செரித்து, கிடைக்கும் வாயுவால் மின்சாரம் எடுக்கப்படுகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் ஆலைகளின் கழிவுநீரும் எரிவாயுவாக்கப்படுகிறது. மாவுக் கழிவு மிக விரைவாக அமிலமாகக்கூடியது. கிழங்கு வரத்துப் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கலனுக்கு வரும் சுமையும் சீராக இராது. சில வாரங்கள் பட்டினி கிடந்த கசடு, பருவம் தொடங்கும் முதல் நாளிலேயே முழுச் சுமையைத் தாங்குமா என்ற கேள்விக்கு, பருவத்துக்கு ஒரு வாரம் முன்பாக ஆறு புட்டிகளில் செய்யும் இச்சோதனை விடை தரும்.